அமெரிக்கக் கல்லூரிக்குப் பந்து விளையாடப் போகலாமா?
பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியவை

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பும் நேரத்தில், மைதானத்தில் பிள்ளைகள் உதைபந்து விளையாடுவதை நாம் நாளாந்தம் பார்க்கிறோம். "இந்தப் பொடியன் நல்லா விளையாடுறான், இவனுக்கு ஒரு வழி கிடைக்காதா?" என்று ஏங்கும் பெற்றோர் பலர். "அமெரிக்காவுல பந்து விளையாடத் தெரிஞ்சா கொலேஜ்ல சும்மாவே படிக்கலாமாம்" என்ற பேச்சும் காதில் விழுகிறது. அந்தப் பேச்சில் பாதி உண்மை. மற்றப் பாதி தெரியாமல் நகையை அடகு வைத்து ஏமாந்துவிடக்கூடாது. ஆகவே விஷயத்தை முழுமையாகப் பார்ப்போம்.

அங்கே நடைமுறை என்ன?

அமெரிக்காவில் 'புட்போல்' என்றால் அது வேறொரு விளையாட்டு. நமது உதைபந்தாட்டத்தை அங்கே 'சொக்கர்' என்பார்கள். கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் சம்பளத்துக்குப் பயிற்றுவிப்பாளர்களை வைத்து அணிகளை நடத்துகின்றன. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் போட்டிகள் டிசம்பர் வரை நடக்கும்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கத்தில் உள்ளன. அதில் மூன்று பிரிவுகள் உண்டு. முதலாம், இரண்டாம் பிரிவுகளில் விளையாட்டுக்காகப் புலமைப்பரிசில் கொடுக்கலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு சதமும் கிடையாது. படிப்புக்கும் குடும்ப வசதிக்கும் ஏற்பத்தான் உதவி. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உட்பட எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீக், முதலாம் பிரிவில் இருந்தாலும் விளையாட்டுப் புலமைப்பரிசில் கொடுப்பதில்லை. இவற்றைவிட என்.ஏ.ஐ.ஏ. என்ற சங்கமும், இரண்டு வருடக் கல்லூரிகளுக்கான என்.ஜே.சி.ஏ.ஏ. என்ற சங்கமும் இருக்கின்றன. பெரிய பெயர்களை மட்டும் பார்க்கும் பிள்ளைகள் இந்தச் சிறிய கல்லூரிகளை மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் இந்த வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்.

முழுப் புலமைப்பரிசில் எல்லோருக்கும் உண்டா?

இல்லை. நெடுங்காலமாக முதலாம் பிரிவு ஆண்கள் அணி ஒன்றுக்கு 9.9 முழுப் புலமைப்பரிசில்களே அனுமதிக்கப்பட்டிருந்தன. அதை அணியில் உள்ள இருபத்தைந்துக்கும் மேற்பட்டோருக்குப் பங்கிட்டால், ஒருவருக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பெண்கள் அணிக்கு 14 இருந்தது. 2025இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இந்த எல்லை நீக்கப்பட்டு, அணிக்கு 28 பேர் என்ற எல்லை வந்தது. ஆனால் அத்தனை பேருக்கும் முழுப்பணம் கொடுக்க எந்தக் கல்லூரியும் கடமைப்பட்டதல்ல. மிச்சப் பணத்தைக் குடும்பம்தான் தேட வேண்டும். மாணவர் விசா கேட்கும்போதும் முதல் வருடச் செலவுக்கு வழி இருப்பதைக் காட்டச் சொல்வார்கள்.

பயிற்றுவிப்பாளரின் கண்ணில் எப்படிப் படுவது?

அந்த நாட்டுப் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பாளர்கள் பெரிய சுற்றுப்போட்டிகளுக்குப் போய்ப் பார்க்கிறார்கள். நமது மலைக்கு அவர்கள் வரப்போவதில்லை. ஆகவே பிள்ளைதான் தன்னைத் தெரியப்படுத்த வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்: ஒரு வீடியோ, ஒரு மின்னஞ்சல்.

வீடியோ மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் இருந்தால் போதும். மிகச் சிறந்த ஆட்டத்தை முதலில் வையுங்கள். பயிற்றுவிப்பாளர் அரை நிமிடம் பார்த்துவிட்டே மேற்கொண்டு பார்ப்பதா என்று முடிவு செய்யலாம். ஒவ்வொரு காட்சியிலும் பிள்ளை யார் என்பதை ஒரு வட்டத்தால் அல்லது அம்புக்குறியால் காட்டுங்கள். பாட்டுச் சத்தம் தேவையில்லை. கோல் மட்டும் போதாது. பந்து இல்லாத நேரத்தில் எங்கே ஓடுகிறார், பந்தை இழந்தபின் என்ன செய்கிறார் என்பதையும் கவனிப்பார்கள். கேட்டால் கொடுக்க, ஒரு முழு ஆட்டத்தின் பதிவும் கையில் இருக்கட்டும். நல்ல போன் ஒன்றை மைதானத்தின் நடுக்கோட்டுப் பக்கம், உயரமான இடத்தில் வைத்து எடுத்தால் போதுமானது.

மின்னஞ்சலைப் பிள்ளையே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். எழுத வேண்டியவை இவை: பெயர், பிறந்த வருடம், உயரம், விளையாடும் இடம், பழகிய கால், பாடசாலை, படிப்பை முடிக்கும் வருடம், பரீட்சைப் பெறுபேறு, பாடசாலைப் பயிற்றுவிப்பாளரின் தொடர்பு, வீடியோவின் இணைப்பு. அந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால் நூறு பேரும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பதில் வராவிட்டால் உடனே மனம் உடைய வேண்டாம். முதலாம் பிரிவுப் பயிற்றுவிப்பாளர்கள், ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்த வருடத்து ஜூன் 15க்கு முன்னர் அந்தப் பிள்ளையோடு ஆள்சேர்ப்பு பற்றிப் பேசவோ எழுதவோ விதி இடம் கொடுப்பதில்லை. அதற்குப் பிறகும் பதில் இல்லையென்றால், சில வாரம் கழித்துப் புதிய செய்தியோடு மீண்டும் எழுதலாம்.

காலுக்கு முந்தி புத்தகம்

நமது பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். என்.சி.ஏ.ஏ. முதலாம், இரண்டாம் பிரிவுகளில் விளையாட, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூகக்கல்வி போன்றவற்றில் 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். நான்கு புள்ளி அளவில் முதலாம் பிரிவுக்குச் சராசரி 2.3, இரண்டாம் பிரிவுக்கு 2.2 வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் ஒன்பதாம் வகுப்பு முதலான படிப்புப் பதிவுகளை, ஆங்கில மொழிபெயர்ப்புடன் கேட்பார்கள். 'சட்' என்ற அமெரிக்கப் பரீட்சையை என்.சி.ஏ.ஏ. 2023இல் தன் தகுதி விதியிலிருந்து நீக்கியது. ஆனாலும் தனிப்பட்ட கல்லூரி அதையும், ஆங்கில அறிவுப் பரீட்சையையும் கேட்கலாம். பாடசாலைப் படிப்பு முடிந்தபின் எத்தனை காலத்துக்குள் சேர வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. "பிறகு பார்ப்போம்" என்று வருடக்கணக்காகச் சும்மா இருக்க முடியாது.

ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பாடத்தைக் கைவிட்ட பிள்ளை, பதினெட்டு வயதில் எவ்வளவு அழகாகப் பந்தடித்தாலும் இந்தக் கதவு திறக்காது. "விளையாடுற புள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்று சொல்வோரிடம் இதைச் சொல்லுங்கள்.

காசு கேட்பவர்களிடம் கவனம்

"புலமைப்பரிசில் எடுத்துத் தாறேன், கிடைக்கிறதுல இத்தனை வீதம் தாங்க" என்று எவராவது வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கல்லூரியில் இடம் பிடித்துக் கொடுப்பதற்கு அப்படிப் பங்கு வாங்குவதை என்.சி.ஏ.ஏ. நெடுங்காலமாகத் தடுத்து வந்திருக்கிறது. காசும் போய், பிள்ளையின் தகுதியும் போகலாம்.

பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தாலும் அதைத் தெரிவு என்று நினைக்க வேண்டாம். கட்டணம் வாங்கும் முகாமுக்கு நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே அழைப்பை அனுப்புவார்கள். பயிற்றுவிப்பாளர் வாயால் சொன்ன வாக்கும் எவரையும் கட்டுப்படுத்தாது. எழுத்தில் வரும் நிதியுதவி ஒப்பந்தம்தான் செல்லும். அதில் தொகை எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, காயப்பட்டால் என்ன நடக்கும் என்பதை ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக்கொண்டு வாசித்துப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இடமுண்டு

கல்வியில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் ஒன்றை அமெரிக்கா 1972இல் கொண்டுவந்தது. அதன் பிறகு கல்லூரிகளில் பெண்கள் அணிகள் பெருகின. இப்போது முதலாம் பிரிவில் ஆண்கள் உதைபந்து அணிகளைவிடப் பெண்கள் அணிகளே அதிகம். "பொம்பளைப் புள்ளைக்குப் பந்து எதுக்கு?" என்று மகளை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அழைக்குமுன் இதை நினைத்துப் பாருங்கள்.

இன்றே செய்யக்கூடியது

வலயம், மாகாணம், அகில இலங்கை மட்டங்களில் பெற்ற சான்றிதழ்களை மழைத்தண்ணீர் படாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். அமெரிக்காவுக்குப் போகாவிட்டாலும் அவை வீண்போகாது. நமது நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும், உயர்தரத்தில் தகுதி பெற்று, தேசிய மட்டத்தில் விளையாட்டில் சிறந்து விளங்கிய மாணவருக்கு விசேட அனுமதி முறை இருக்கிறது.

அமெரிக்கா போகும் பிள்ளை நூற்றில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதற்காகப் படித்த ஆங்கிலமும் கணக்கும், பழகிய ஒழுங்கும் எந்தப் பிள்ளையையும் கைவிடாது. ஆகவே பந்தையும் கொடுங்கள், புத்தகத்தையும் கொடுங்கள். ஒன்றைப் பறித்து மற்றதைக் கொடுக்க வேண்டாம்.