கோபத்துக்குள் என்ன இருக்கிறது?

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்துக்குப் போகும் தெருவுக்குப் பெயர் ஜூ டவுன். அங்கே கை எம்பிராய்டரிக் கடை நடத்தி வந்தவர் சாரா கோஹன். யூத ஆண்கள் அணியும் சிறு குல்லாய்கள், ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிகள் எல்லாம் அவர் கைவேலை. 1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு உறவினர்களும் அண்டை வீட்டாரும் ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போனார்கள். 1999-இல் கணவர் ஜேக்கப்பும் காலமானார். பிள்ளைகள் இல்லை.

அவரைக் கடைசிவரை கவனித்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். சிறுவயதில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பட அட்டை விற்க அந்தத் தெருவுக்கு வந்தவர். சரக்கு வைத்துக்கொள்ள ஜேக்கப் இடம் கொடுத்தார். சாராவுக்கு முதலில் பையனைப் பிடிக்கவில்லை. பிறகு அவன் கடை வேலையில் கைகொடுக்கத் தொடங்கினான். 'சாரா ஆன்ட்டி' மெல்ல மனம் மாறினார். 2019 ஆகஸ்ட் 30 அன்று, 96 வயதில் அவர் இறந்தபோது பக்கபலமாக நின்றது தாஹாவின் குடும்பம்தான்.

முதலில் தோன்றிய பிடிக்காமை முடிவான தீர்ப்பாகிவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் கைவருவதில்லை. தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் இனங்கண்டு, அதற்கேற்ப நடந்துகொள்ளும் இந்தத் திறமைக்கு அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் 1990-இல் 'உணர்வு நுண்ணறிவு' என்ற பொருளில் ஒரு விளக்கம் தந்தார்கள். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் அதை உலகெங்கும் பரப்பியது. வாழ்க்கையில் வெற்றிபெற ஐ.க்யூ.வைவிட இதுவே முக்கியம் என்ற பிரசாரத்தை ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனால் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

அதன் முதல் படி, உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பது. 2007-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாத்யூ லீபர்மன் குழுவினர் செய்த சோதனையில், கோபம், பயம் காட்டும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சியைச் சொல்லால் குறித்தபோது, மூளையில் ஆபத்தை அறிவிக்கும் அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது.

தமிழுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்கள் சொல்கிறது. இலக்கியத்துக்காக வகுத்ததுதான், வீட்டுக்கும் பொருந்தும். அதில் வெகுளி வேறு, இளிவரல் வேறு. தான் தாழ்ந்துவிட்டதாக உணரும் இளிவரலுக்கு அது காட்டும் காரணங்களில் முதுமையும் நோயும் உண்டு.

இந்த வேறுபாடு தெரியாததால்தான் பல வீடுகளில் சண்டை. வயதான மாமியார் காபி ஆறிவிட்டது என்று எரிந்து விழுகிறார். மருமகள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கத்துகிறாள். உண்மையில் அடுப்படி கைவிட்டுப் போன இளிவரலாக இருக்கலாம் அது. கோபத்துக்குப் பதில் வாக்குவாதம். இளிவரலுக்குப் பதில், "குழம்புக்குப் புளி போதுமா, கொஞ்சம் பாருங்க அத்தை" என்ற ஒரு கேள்வி.

நமக்கும் அதே சோதனைதான். குரல் உயரும்போது, "இது கோபமா, பயமா, அவமானமா?" என்று உள்ளே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் கிடைப்பதற்குள் பாதிச் சண்டை அடங்கியிருக்கும்.