வாராதவர் விட்ட முறை

முறைத் தண்ணீர் பாயும் ஊர்களில் வாழும் நம் உறுப்பினர்கள் இதனை நன்கறிவர். தமக்குரிய வேளையில் ஒருவர் வயலுக்கு வாராது போனால் தண்ணீர் வீணே வடிந்துவிடும். அடுத்தவர் பயிரோ வாடி நிற்கும். முன்கூட்டித் தெரிந்திருப்பின் அவராவது மடை திறந்திருப்பார். இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகளில் நேர்ந்துள்ள இடர்ப்பாடும் ஏறக்குறைய இத்தகையதே.

1948ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நாட்டின் தேசிய சுகாதார சேவையில் மருத்துவமனைச் சிகிச்சைக்கு மக்கள் கட்டணம் செலுத்துவதில்லை. ஆனால், காத்திருக்க வேண்டும். 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கப்பெற வேண்டும் என்பது அவர்கள் வகுத்த வரையறை. அவ்வாறிருந்தும், 2023 செப்டம்பரில் காத்திருப்புப் பட்டியலில் நின்றவை ஏறத்தாழ 77 லட்சம் சிகிச்சைகள். மூட்டுவலியால் படியேற மாட்டாதவரும் கண்புரையால் எழுத்தறிய மாட்டாதவரும் அதில் அடக்கம். மற்றொரு புறம், 2022-23ஆம் ஆண்டில் குறித்த நாளில் நோயாளி வாராமையால் வீணான புறநோயாளி முறைகள் சுமார் 80 லட்சம் என்றால் வியப்பன்றோ!

எசெக்ஸ் மாவட்டத்தின் நடு, தென் பகுதி மருத்துவமனைகள் செயற்கை நுண்ணறிவின் துணையை நாடின. அக்கணிப்பொறி நோயைக் கண்டறிவதன்று. பெயர் நீக்கப்பெற்ற பழைய பதிவுகள், வானிலை, போக்குவரத்து நெருக்கடி, தொழில் நிலைமை ஆகியவற்றை ஒப்புநோக்கி, எவர் வாராதிருக்கக்கூடும் என மதிப்பிடுகிறது; அவ்வளவே. வேலையை விட்டு வர இயலாதவர்க்கு மாலை வேளையோ வார இறுதியோ ஒதுக்கப்படும். காலியாகக்கூடிய இடத்திற்கு மற்றொருவர் முன்னரே அழைக்கப்படுவார்.

ஆறு மாதச் சோதனையில் வாராமை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. 377 முறைகள் வீணாகாது காக்கப்பட்டன. கூடுதலாக 1,910 பேர் மருத்துவரைக் கண்டனர். இம்முறையை வேறு பல மருத்துவமனைகளுக்கும் விரிவாக்குவதாக 2024 மார்ச்சில் அறிவித்தனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வாராதவருள் பலர் சோம்பரல்லர். கூலியை இழக்க அஞ்சுபவர், வண்டி வசதி அற்றவர். 'இவர் வரமாட்டார்' என்று கணித்து அவர் வேளையில் இன்னொருவரையும் அமர்த்தி, பின் இருவரும் வந்துவிட்டால், துன்புறுபவர் அவ்வெளியவரே. அமெரிக்காவில் இத்தகைய கணிப்பினால் கறுப்பின மக்கள் பிறரைவிட நெடுநேரம் காத்திருக்க நேரும் என ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆதலின், வர இயலாதவர்க்கு வர வழி செய்வதையே முதற் பணியாகக் கொள்ளுதல் முறை என்பது நம் கருத்து; பதிலாளை அழைப்பது அதற்குப் பிற்பட்டதே.

நிற்க. இவ்வேற்பாடு புறநோயாளிப் பிரிவுக்கு மட்டுமே உரியது. அறுவைக் கூடங்களோ, மருத்துவரோ, செவிலியரோ இதனால் பெருகுவதில்லை.