டீ ஃபேக்டரியில் விறகை வீணாக்குவது எது?

அவலாஞ்சின்னா ஏரி, மழை. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பதிவான கணக்குப்படி, ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டின இடம். அந்த மாதிரி மழை டீ ஃபேக்டரியோட விறகுச் செலவை எப்படி ஏத்துதுன்னு இன்னிக்குச் சொல்றேன்.

நீலகிரியில் சிறு விவசாயிகள் பறிக்கற பச்சைத் தேயிலை 100 கிலோ ஃபேக்டரிக்குள்ள போனா, வெளியே வர்றது ஏறக்குறைய 23 கிலோ தூள். மீதி 77 கிலோவும் கிட்டத்தட்ட தண்ணிதான்.

அந்தத் தண்ணி ரெண்டு கட்டமா வெளியேறுது. முதல்ல வாட்டறது: நீளமான தொட்டியில் இலையைப் பரப்பி, ஃபேன் காத்தைப் பல மணி நேரம் விடுவாங்க. கடைசியா டிரையர்: விறகு எரிச்ச சூட்டில் காயவைப்பாங்க.

வாட்டும்போதே 100 கிலோ 70 கிலோ ஆனா, டிரையருக்கு மிச்சம் 47 கிலோ தண்ணி. அவசரப்பட்டு 80-லயே எடுத்துட்டா 57. அதாவது, டிரையருக்கு அஞ்சுல ஒரு பங்கு கூடுதல் வேலை.

மழை நாள்ல இலை மேலயும் தண்ணி, காத்துலயும் ஈரம். அவசரம் வர்றதே அப்போதான். என்ன செய்யலாம்? இலையை மெல்லிசா, சீரா பரப்பணும். மேல் ஈரம் போற வரைக்கும் மட்டும் வெதுவெதுப்பான காத்து விடணும். விறகை மழை படாம அடுக்கிக் காயவைக்கணும். ஈர விறகு எரிஞ்சா, தன் தண்ணியை ஆவியாக்கவே சூட்டைச் செலவழிக்கும்.

மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி செய்யக்கூடிய வேலைகள் இவை. விறகுக்குப் போற காசு குறைஞ்சாத்தான், விவசாயிக்கு இலைக்காசை நேரத்துக்குக் கொடுக்க ஃபேக்டரி கையில பணம் இருக்கும்.