மகள் வளரவில்லையா? காத்திருக்க வேண்டாம்

"அவங்க பாட்டி மாதிரி குட்டை. மெதுவா வயசுக்கு வருவா." இப்படிச் சொல்லிக்கொண்டே பல வீடுகளில் ஆண்டுகளைக் கடத்திவிடுகிறோம். சிகிச்சை பலன் தரும் ஆண்டுகளும் அவைதான்.

பெண்ணின் செல்களில் பொதுவாக இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருக்கும். அவற்றில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாத நிலைக்கு டர்னர் குறைபாடு என்று பெயர். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. இது தற்செயலாக நேர்வது. கர்ப்ப காலத்தில் தாய் சாப்பிட்டதோ செய்ததோ காரணம் அல்ல. இதற்காக மருமகளைப் பழிப்பது அநியாயம்.

கவனிக்க வேண்டியவை

பிறந்த குழந்தையின் புறங்கையும் பாதமும் வீங்கியிருக்கலாம். கழுத்தின் இருபுறமும் தோல் மடிந்து, பின்கழுத்தில் முடி தாழ இறங்கியிருக்கலாம். பலருக்கு உயரக் குறைவைத் தவிர வெளியே எதுவும் தெரியாது. ஆனால் மகாதமனிச் சுருக்கம், இதய வால்வுக் கோளாறு, சிறுநீரக அமைப்பில் மாற்றம், செவித்திறன் குறைவு ஆகியவை மறைந்திருக்கக்கூடும்.

வயதுக்கேற்ற உயரம் இல்லாவிட்டாலோ, 13 வயதில் மார்பக வளர்ச்சி தொடங்காவிட்டாலோ, 15 வயதில் மாதவிடாய் வராவிட்டாலோ மருத்துவரிடம் குரோமோசோம்களை ஆராயும் கேரியோடைப் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். டர்னர் என்று உறுதியானால் இதய எக்கோ, சிறுநீரக ஸ்கேன், காது, தைராய்டு பரிசோதனைகள் கட்டாயம்.

என்ன தீர்வு?

எலும்பு வளர்ச்சி நிற்பதற்குள் தொடங்கினால் வளர்ச்சி ஹார்மோன் ஊசி உயரத்தைக் கூட்டும். 11, 12 வயதில் சிறு அளவில் தொடங்கும் ஈஸ்ட்ரோஜன் பருவ வளர்ச்சியைத் தந்து எலும்பையும் காக்கும். பெரும்பாலோருக்கு இயல்பாகக் கருத்தரிப்பது கடினம்; தானக் கருமுட்டை வழி உண்டு. இதய மருத்துவரின் ஒப்புதலின்றி அதில் இறங்கக் கூடாது.

எக்ஸ் குரோமோசோம் சிக்கல் பெண்களுக்கு மட்டுமல்ல. ஆண்களில் ஓர் எக்ஸ் கூடுதலாக இருந்தால் அது கிளைன்ஃபெல்டர் குறைபாடு. நெடிய கால்கள், சிறிய விரைகள், மார்பக வீக்கம் இதன் அடையாளங்கள். பலருக்குக் குழந்தையின்மைக்காகப் பரிசோதிக்கும்போதுதான் தெரியவருகிறது.

குழந்தையின் உரிமை

சில குரோமோசோம் வேறுபாடுகளில் பிறப்புறுப்பு ஆணா பெண்ணா என்று தெளிவாக இருக்காது. அத்தகைய குழந்தைகளுக்கு அவசரமாகப் பால் தீர்மான அறுவை சிகிச்சை செய்வதற்கு எதிராக 2019இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றது. அதே ஆண்டில் தமிழக அரசும் தடை ஆணை பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டுமே விலக்கு உண்டு.

மகளின் உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். வளர்ச்சி தேங்கினால் அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள். குறைபாடு உறுதியானால் அதன் பெயரை அவளிடம் மறைக்காதீர்கள். அது அவள் உடல், அறியும் உரிமை அவளுக்கு உண்டு.