ஐபி டிப்ளமோ: சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

பத்தாம் வகுப்பு முடிந்ததும், "பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது?" என்ற பேச்சு எல்லா வீடுகளிலும் எழுகிறது. வளைகுடா நாடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்கும், சென்னை போன்ற நகரங்களில் சர்வதேசப் பள்ளிகளை நாடுவோருக்கும் பிளஸ் டூவைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. அதுதான் ஐபி டிப்ளமோ.

"எந்தப் பள்ளிக்கு நல்ல பெயர்?" என்றுதான் பலரும் முதலில் விசாரிக்கிறார்கள். "பிள்ளை எந்த நாட்டில், என்ன படிக்கப் போகிறார்?" என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

என்ன படிப்பு இது?

1968-ல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் அமைப்பின் இரண்டாண்டுப் படிப்பு இது. 16 முதல் 19 வயது வரையிலான மாணவர்களுக்கானது. இலக்கியம், இன்னொரு மொழி, சமூகவியல், அறிவியல், கணிதம், கலை என ஆறு பிரிவுகள் உள்ளன. கலைக்குப் பதிலாக வேறொரு பிரிவிலிருந்து இரண்டாவது பாடம் எடுக்கலாம். பள்ளியில் வசதி இருந்தால் இரண்டாம் மொழியாக அரபியையும் படிக்கலாம்.

ஆறு பாடங்களில் மூன்றையாவது 'ஹையர் லெவல்' எனப்படும் ஆழமான நிலையில் படிக்க வேண்டும். பாடத்துக்கு 7 வீதம் 42 புள்ளிகள். 4,000 சொற்களுக்குள் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கும் சேர்த்து 3 புள்ளிகள். ஆக மொத்தம் 45. டிப்ளமோ பெறக் குறைந்தது 24 தேவை. வேறு சில நிபந்தனைகளும் உண்டு. சமூகப்பணி, விளையாட்டு போன்றவற்றிலும் கட்டாயம் ஈடுபட வேண்டும்.

இந்தியாவில் மருத்துவம் என்றால்...

மிகவும் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். நீட் எழுதி மருத்துவம் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐபி-யின் வழக்கமான அமைப்பில் இரண்டு அறிவியல் பாடங்களுக்குத்தான் இடமுண்டு. மூன்றாவதை எடுக்கத் தனி அனுமதி பெற வேண்டும். படிப்பு தொடங்கும்போதே பள்ளி இதற்கு ஏற்பாடு செய்யாவிட்டால் பிறகு சரிசெய்வது கடினம்.

மேலும், நீட் பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில் நடக்கிறது. ஐபி இறுதித் தேர்வுகள் நடப்பதும் அதே நாட்களில்தான். அதன் முடிவுகள் ஜூலை முதல் வாரத்தில் வருகின்றன. இந்திய மருத்துவம்தான் இலக்கு என்றால் சிபிஎஸ்இ அல்லது மாநிலப் பாடத்திட்டமே பல பிள்ளைகளுக்கு நேரான வழி.

பொறியியலுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் ஐபி-யில் எடுக்க முடியும். ஆனால் இதில் கணிதம் இரண்டு வகை. வெளிநாட்டுப் பொறியியல் கல்லூரிகள் பல 'அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்' வகையையே விரும்புகின்றன.

வெளிநாட்டில் படிக்க என்றால்...

பிரிட்டன் போன்ற நாடுகளில், பள்ளி கணித்துத் தரும் மதிப்பெண்ணை வைத்தே பல்கலைக்கழகங்கள் நிபந்தனையுடன் இடம் தருகின்றன. ஆகவே முந்தைய ஆண்டுகளில் பள்ளி கணித்ததற்கும் உண்மையில் வந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள். ஐபி-யின் அங்கீகாரம் பெற்ற பள்ளியா என்பதை அந்த அமைப்பின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நிறைய வாசித்து எழுதும் பிள்ளைக்கு ஐபி பொருந்தும். மூன்று பாடங்களில் மட்டும் கெட்டிக்காரரான பிள்ளைக்கு 'ஏ லெவல்' எளிதாக இருக்கலாம். அதில் மூன்று அல்லது நான்கு பாடங்கள் போதும்.

கட்டணம்

பள்ளிக் கட்டணத்துடன் தேர்வுக் கட்டணமும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கான மொத்தத் தொகையையும், அதற்குப் பிறகு வரும் கல்லூரிச் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பள்ளிப் படிப்பிலேயே சேமிப்பைக் கரைத்துவிட்டு, கல்லூரிக்காக வட்டிக் கடன் வாசலில் நிற்கும் நிலை நமக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வீட்டில் இதற்காக மஷூரா செய்யும்போது பிள்ளையையும் உட்கார வையுங்கள். அந்த இரண்டு ஆண்டுகளும் படிக்கப் போவது அவர்தான்.