கேட்கத் துணிந்த மருத்துவர்

தூக்கமில்லை, பசியில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிக்கொண்டு குடும்ப மருத்துவரிடம் செல்வோர் பலர். அவருள் சிலர், வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தையும் உள்ளத்தே சுமந்து செல்கின்றனர். தற்கொலையால் மாண்டவர்களைக் குறித்துப் பல ஆய்வுகளை ஒருங்கு திரட்டி 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிஞர்கள், அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பேர் இறப்பதற்கு முந்திய ஒரு திங்களுக்குள் பொது மருத்துவரைக் கண்டிருந்தனர் எனக் கூறினர். மனநலத் துறையாரைக் கண்டவர் ஐவரில் ஒருவரே. அவ்வாய்வுகள் மேல்நாட்டைச் சார்ந்தவை. எனினும், மனநல மருத்துவர் மிகச் சிலராகவே உள்ள நம் நாட்டில், காக்கும் வாய்ப்பு முதலில் யார் கைக்கு வருகிறது என்பதை விளக்கவா வேண்டும்? 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 1,70,924 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர்.

அவ்வாய்ப்பைப் பயன்படுத்த மருத்துவருக்குப் பயிற்சி வேண்டும். சுவீடன் நாட்டில் காட்லாந்து என்றொரு தீவு உண்டு. அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கு 1983, 1984-ஆம் ஆண்டுகளில் மனச்சோர்வு நோயை அறிந்து சிகிச்சை செய்யும் பயிற்சி அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அத்தீவில் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. குறைவு பெரும்பாலும் பெண்களிடையே காணப்பட்டது. ஆனால் மூன்றாண்டுகள் கழிந்தபின், பயிற்சி பெற்றவருட் பலர் தீவை விட்டு நீங்கியிருக்க, தொகை மீண்டும் பழைய நிலையை நெருங்கிற்று. தீவு சிறிது, மாண்டவர் தொகையும் சிறிது. ஆகவே முடிவை மிகைப்படுத்தலாகாது. எனினும் ஒருமுறை பயிற்சி முகாம் நடத்திச் சான்றிதழ் வழங்கியதோடு கடமை தீர்ந்ததெனக் கருதும் நம்மூர் வழக்கத்திற்கு இஃது ஒரு நல்ல பாடம்.

பயிற்சியில் கற்பிக்கப்படுவது யாது? முதலாவது, நேராகக் கேட்பது. 'செத்துப்போனால் நலம் என்று அண்மையில் எண்ணியதுண்டா? உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்ததுண்டா? முன்னர் முயன்றதுண்டா? இப்போதும் அந்த நினைவு உண்டா?' இவ்வளவே. கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்தவராவோமோ என்று மருத்துவர்களே அஞ்சுவதுண்டு. 2014-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, அவ்வாறு கேட்பதால் எண்ணம் மிகுவதாகச் சான்றில்லை என்று காட்டியது. கேட்கப்பட்டவர் நெஞ்சின் சுமை குறைந்தவராகப் பேசத் தொடங்குவதே பெரும்பான்மை.

இரண்டாவது, உரியவரிடம் சேர்ப்பிப்பது. பலவிடங்களிலும் முறை தவறுவது இங்கேதான். ஒரு சீட்டில் பெரிய மருத்துவமனையின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால் போதாது. நோயாளர் அங்கே போய்ச் சேர்ந்தாரா என்று விசாரிக்கவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில் நம் சென்னையும் ஓர் இடம். தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினரிடம் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசினர். பின்னர் பதினெட்டுத் திங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவருள் ஆயிரத்துக்கு 22 பேர் தற்கொலையால் மாண்டனர். விசாரிக்கப்பட்டவருள் 2 பேர். புதிய மருந்தொன்றும் இல்லை. தொடர்ந்து கேட்ட குரல் ஒன்றே மிகுதி.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கோ மொழி ஒரு தடை. 'உயிரை வாங்காதே' என்று பிள்ளையைக் கடிவதும், 'செத்துப் பிழைத்தேன்' என்று கடைத்தெரு நெரிசலை வருணிப்பதும் நம் வழக்கு. 'நான் இருந்து யாருக்கு என்ன பயன்?' என்பது அவ்வகையன்று. இவ்வேறுபாடு இந்தியிலோ மராத்தியிலோ கேட்கும் மருத்துவருக்கு எவ்வாறு விளங்கும்? அதனினும் கொடிது, பத்து வயதுச் சிறுவனைத் தாய்க்கு மொழிபெயர்ப்பாளனாக நிறுத்துவது. தாய் மகனிடம் இதைச் சொல்வாளா? சொன்னால் அவன் தாங்குவானா? நம் சங்கங்களில் இரு மொழியும் அறிந்த செவிலியரும் ஆசிரியரும் பலர் உளர். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் மருத்துவரல்லாதார்க்கும் இத்தகைய பயிற்சி அளித்து வருகிறது. சங்கத்திற்கு இருவராயினும் அதனைப் பெறுதல் வேண்டும்.

சட்டத்தைக் குறித்த அச்சமும் இனி வேண்டுவதில்லை. முயன்றவரைத் தண்டித்த பழைய 309-ஆம் பிரிவு, 1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைத் தம் கடமை செய்யவிடாது நிர்ப்பந்திக்கும் பொருட்டு முயல்வது மட்டுமே குற்றமாக எஞ்சியுள்ளது.

மைய அரசு 10-10-2022 அன்று தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். எண் 14416. எந்த மாநிலத்திலிருந்து அழைப்பினும் தமிழைத் தேர்ந்துகொள்ளலாம். பயிற்சி பெற்ற மருத்துவர் அவ்வெண்ணை எழுதிக் கொடுப்பதில்லை. நோயாளர் எதிரே அமர்ந்திருக்கும்போதே தாமே சுழற்றி, மறுமுனையில் தமிழ்க் குரல் கேட்டபின் கருவியை அவர் கையில் தருகிறார்.