விரைவீக்கம்: ஊசியால் நீர் எடுப்பதும் அறுவை மருத்துவமும்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் முப்பத்தெட்டு வயதுத் தொழிலாளர் ஒருவர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். சீட்டில் வயிற்றுவலி என்றே பதிந்திருந்தது. உடன் வந்த மனைவியை வெளியே அமரச் சொல்லிக் கதவைச் சாத்திய பின்னரே உண்மையைக் கூறினார். வலப்பக்க விரைப்பை ஏழு ஆண்டுகளாகப் பெருத்து, இப்போது சிறு தேங்காய் அளவில் இருந்தது. சட்டையை வெளியே தொங்கவிட்டும், உடை மாற்றும் அறையைத் தவிர்த்தும் அதை மறைத்து வந்திருக்கிறார். இடையில் இருமுறை வேறோர் இடத்தில் ஊசி குத்தி நீரை எடுத்திருந்தனர். இருமுறையும் சில மாதங்களில் வீக்கம் திரும்பிவிட்டது.

அது திரும்பியதில் வியப்பில்லை. விரையைச் சுற்றி ஈரடுக்கு மெல்லுறை ஒன்று உண்டு. அது சிறிதளவு நீரைச் சுரந்து, தானே உறிஞ்சியும் கொள்கிறது. சுரப்பு மிகுந்தாலோ உறிஞ்சல் குறைந்தாலோ நீர் தேங்குகிறது. அண்டவாயு, ஓதம் என்று பெரியவர்கள் சொல்வதும், மருத்துவச் சீட்டில் ஹைட்ரோசீல் என்று எழுதப்படுவதும் பெரும்பாலும் இதுவே. உறையை அப்படியே விட்டு நீரை மட்டும் எடுப்பது, ஊற்றுள்ள கிணற்றை இறைப்பது போன்றது. அத்துடன், ஒவ்வொரு குத்தலிலும் கிருமி உட்புகவும் உள்ளே இரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு.

ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய ஆங்கில வரலாற்றாசிரியர் எட்வர்டு கிப்பன் இந்த வீக்கத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேசாமலே வைத்திருந்தார். 1793 நவம்பரில் முதன்முறை நீர் எடுத்தபோது ஏறத்தாழ நான்கு லிட்டர் வந்தது. மூன்றாம் முறை எடுத்த சில நாட்களில், 1794 ஜனவரியில், அவர் இறந்தார். அவர் காலத்தில் பாதுகாப்பான அறுவை இல்லை. மரப்பு மருந்தும் இல்லை. இன்று இரண்டும் உள்ளன. கூச்சம் மட்டும் மாறவில்லை.

பலருக்குக் காரணம் தெரிவதில்லை. அடிபடுதல், கிருமித்தொற்று ஆகியவற்றாலும் வரலாம். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவும் ஒரு முக்கியக் காரணம். சாக்கடை நீரில் பெருகும் கியூலக்ஸ் கொசு இதைப் பரப்புகிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டம் இந்நோய் இருந்த பகுதியே. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு மாநிலங்களிலிருந்து இத்தொழிற்பகுதிக்கு வந்துள்ளோர் பலரின் சொந்த ஊர்களிலும் இது உண்டு. எனவே தேவைப்படுவோருக்கு இரவில் எடுக்கும் இரத்தத்தைச் சோதிக்கிறோம். இப்புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் இரவிலேயே மேலோட்ட இரத்தத்துக்கு வரும். மாத்திரை புழுவை ஒடுக்கும். தேங்கிப் பெருத்த வீக்கத்தை அது வற்றச் செய்யாது.

எல்லா வீக்கமும் நீர் அன்று. இருட்டில் டார்ச் ஒளியை வைத்தால் தெளிந்த நீர் செந்நிறமாக ஒளிரும். குடலிறக்கமாகவோ கட்டியாகவோ இருக்கலாம் என்பதால் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறோம். இளைஞர்களிடம் நீருக்குப் பின்னே விரைப் புற்று மறைந்திருக்கக் கூடும். அங்கே ஊசி குத்துவது பெருந்தீங்கு. திடீரெனக் கடும் வலியுடன் வீங்கினால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஆறு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும். காலை வரை காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தைகளின் நீர்வீக்கம் பெரும்பாலும் ஓரிரு வயதுக்குள் தானே மறையும்.

அறுவையின்போது முதுகில் மரப்பு ஊசி போட்டு, நீரை வெளியேற்றி, உறையின் மிகுதியை நீக்குகிறோம் அல்லது உள்புறம் வெளியாகத் திருப்பித் தைக்கிறோம். சுரக்கும் நீரைச் சுற்றியுள்ள திசுக்கள் உறிஞ்சிக்கொள்ளும். பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடியும். விரை அகற்றப்படுவதில்லை. ஆண்மை போய்விடுமோ என்று ஏறக்குறைய எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கின்றனர், போகாது. விந்துக்குழாய் அருகிலேயே இருப்பதால் அதைக் காத்துச் செய்வது எங்கள் கடமை. குழந்தைப் பேற்றை எதிர்நோக்குவோர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டில் கவனிப்போர் ஒன்றை அறிய வேண்டும். அறுவைக்குப் பின் விரைப்பை சில வாரங்கள் தடித்தே இருக்கும். நீர் மறுபடி சேர்ந்துவிட்டதென அஞ்ச வேண்டாம். லங்கோடு கட்டித் தாங்கலாக வைத்தால் வலியும் குறையும். முதல் இரண்டு நாளில் வீக்கம் விரைந்து பெருத்தாலோ, பின்னர் காய்ச்சலோ சீழோ கண்டாலோ உடனே அழைத்து வாருங்கள். எளிய வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். பளு தூக்குவதை ஒரு மாதமாவது தவிர்க்க வேண்டும்; இரு சக்கர வாகனத்தையும் நாங்கள் சொல்லும்வரை எடுக்க வேண்டாம்.

விடுப்பும் சம்பள இழப்பும் எண்ணியே பலர் தள்ளிப்போடுகின்றனர். இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளோர், தேவையான நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். அதற்கான மருத்துவச் சான்றை மறவாமல் கேட்டு வாங்குங்கள்.

தேங்காய் அளவு வீக்கத்துடன் வந்தவர் பதினான்காம் நாள் மனைவியுடன் உள்ளே வந்து அமர்ந்தார். காயம் ஆறியிருந்தது. எழுந்தவர் கதவருகே நின்று, ஊரில் அண்ணனுக்கும் இதே வீக்கம் உள்ளது, அழைத்து வரலாமா என்று கேட்டார். வரச் சொன்னோம்.